இரண்டு மணி நேரம் கலெக்டர்

எங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் சட்டக் கோடைப் பள்ளியை அந்த வருடம் என் தலையில் கட்டினார்கள். துறையில் நான் தற்காலிக ஆசிரியன். ஒரு புகாரும் இல்லாமல் பத்து நாளை ஓட்டிவிட்டால் அடுத்த வருடமும் வேலை என்று துறைத்தலைவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதனால் தும்முவதற்குக்கூட விதி பார்த்தேன்.

எட்டாம் நாள் பயிற்சி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கடலுக்குள் புதிதாக ஒரு துறைமுகம் வருவதாகக் கற்பனை. ஒரு மாணவன் கம்பெனி மேலாளர், மற்றவர்கள் ஊர்மக்கள், கலெக்டர் நான். அறிவிப்பு தமிழில் இருக்க வேண்டும், பாதிக்கப்படும் ஊரில் தெரிய வேண்டும். பாடம் என்றாலும் முறையாகச் செய்வோம் என்று நானே அதை எழுதினேன். கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்கள் வசிக்கும் தெருவில் ஒட்டி, போட்டோ எடுத்து வரும்படி மாணவர்களை அனுப்பினேன். இடம், தேதி, நேரம் எல்லாம் கச்சிதம். பயிற்சி என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். கிழித்துக்கொண்டு வரச் சொல்லவும் மறந்துவிட்டேன்.

அன்று காலை மில்லர்புரத்தில் நாங்கள் எடுத்திருந்த மண்டபத்தின் முன்னால் மூன்று குட்டியானை வண்டிகள் வந்து நின்றன. அறுபது பேர் மனுவோடு இறங்கினார்கள். ஊர்மக்களாக நடிக்க வேண்டிய மாணவர்கள் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றார்கள். உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். முதல் வரிசையில் இருந்த துறைத்தலைவர், ஏற்பாடு பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டதால் எனக்கு வாய் வரவில்லை.

விதிப்படி ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதி, படித்தும் காட்டினேன். மேலாளராக நடித்த மாணவனுக்கு இரவல் கோட்டில் வேர்த்துக் கொட்டியது. வரைபடத்தில் காட்டிய இடத்தில் எத்தனை பாகம் ஆழம் என்று ஒரு சங்குகுளி கேட்டார். மூன்று என்றான். ஒன்பது என்றார் அவர். போன வாரம்தான் அங்கே முங்கி எழுந்தாராம். பயந்துபோனவன் எல்லோருக்கும் வேலை என்றான், பிறகு ஆஸ்பத்திரி என்றான், கடைசியில் திட்டத்தையே கைவிடுகிறோம் என்றான். ஒரே கைதட்டல். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கலெக்டர் என்று போட்டு நான் கையெழுத்திட்டேன். ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்பது பாடம் நடத்துகிற எனக்குத் தெரியாததல்ல.

மனசு கேட்கவில்லை. வண்டிவரை ஓடிப்போய் அந்தச் சங்குகுளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார். உள்ள வரும்போதே வாசல்ல கோடைப் பள்ளின்னு போட்ட பேனரைப் பார்த்துட்டோம்லா. நிசக் கூட்டத்துல வாயத் தொறக்குறதுக்குள்ள மைக்க வாங்கிருதாவ. இங்கன சொன்னதையெல்லாம் எழுதிட்டு, படிச்சும் காட்டுனியளே. அதான் இருந்து பேசிட்டோம்."

நான் கையெழுத்திட்ட தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"இத வச்சிக்கிடுங்க. உங்க வேலைக்கு வினையா வந்துரப் போவுது."

எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலை கிடைத்தது. உத்தரவைக் கொடுக்கும்போது துறைத்தலைவர், அடுத்த வருடமும் அந்த நாடகக் குழுவையே கூப்பிடுங்கள், நிஜம் மாதிரியே பேசுகிறார்கள் என்றார். சரி சார் என்று சொல்லி உத்தரவை வாங்கிக்கொண்டேன்.