டேப்லெட் வாங்கியவர்

எழுமலைக்குப் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் புதிய டேப்லெட். ஈரக் கைக்குட்டையை அதன் முதுகில் வைத்துப் பிடித்திருந்தார். துணி காய்ந்ததும் பாட்டில் தண்ணீரை விட்டு மறுபடி நனைத்துப் பிழிந்துகொண்டார்.

திரையில் ஓர் இளம்பெண் அதே டேப்லெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சீக்கிரமே சூடாகிவிடுகிறது, வாங்க வேண்டாம் என்றாள். வீடியோவுக்குக் கீழே, அதை வாங்கியவர்கள் எல்லாரும் அவளைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். இவரும் எழுதினார். அவளுடைய தாயை இழுத்து அவர் எழுதிய கெட்ட வார்த்தை என் கண்ணில் பட்டது.

"அண்ணே, உங்களுதும் சுடத்தானே செய்யுது?" என்றேன்.

"சுடுது தம்பி. கையில வச்சிருக்க முடியல."

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தானே?"

"நெசமாவே இருக்கட்டுமே. அம்புட்டுப் பெருமையா ஆபீஸ்ல, சொந்தக்காரங்ககிட்டல்லாம் காட்டிட்டேன். இப்ப இவ இப்படிச் சொன்னா என்னைய எவன் மதிப்பான்?"

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெண் இதையெல்லாம் உட்கார்ந்து வரிசையாகப் படிப்பாளே என்று இருந்தது.

செக்கானூரணியில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். அவர் சட்டென்று எழுந்து, "உக்காரு தாயி" என்று இடம் கொடுத்தார். பிறகு கம்பியில் சாய்ந்து நின்றபடி, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.

குழந்தைக்காரி அவரை நன்றியோடு நிமிர்ந்து பார்த்தாள். "நல்ல மனுசன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்; அவர் விரல் அடுத்த வசவைத் தட்டிக்கொண்டிருந்தது.