உள்ளே பார்க்க முடியாத குரல்

கணினிக்கு வேண்டிய கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் தொகுத்து இலவசமாகக் கொடுக்கும் சின்னக் குழு எங்களுடையது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அப்படித் திறக்க முடியாத எதையும் சேர்ப்பதில்லை என்பது விதி. அந்த விதிக்காக அதிகம் சண்டை போட்டவள் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியின் சாரம் பகுதியில், நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடினோம். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் தமிழ்க் குரல் ஒன்று இருந்தது. ஒரு நிறுவனத்தின் மூடிய மென்பொருள். அதைச் சேர்ப்பதா என்பதுதான் பேச்சு.

அந்த வாரம்தான் கோரிமேட்டில் கண் டாக்டரைப் பார்த்திருந்தேன். ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது என்றார். யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறினேன்.

லாஸ்பேட்டையிலிருந்து வந்திருந்த கல்லூரி ஆசிரியைக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. அவர்தான் தொடங்கினார்.

"இப்ப நீங்க குடுக்கற குரல் தகரத்த தட்டற மாதிரி இருக்கு. ஒரு பக்கம் கேட்டா தலவலி வந்துடுது. நான் எதுல படிக்கறது?"

வீட்டுக்கார நண்பர் விடவில்லை. "மேடம், அந்தக் கம்பெனி குரல் நீங்க டைப் பண்றத எங்க அனுப்புதுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கே அவன் நிறுத்திட்டா இன்னா பண்ணுவீங்க?"

இரண்டு பேர் சொன்னதும் எனக்குப் பயத்தைத் தந்தது. எல்லோரும் நான் வழக்கம்போல் வாதாடுவேன் என்று என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கும் பார்வ போயிட்டிருக்கு" என்றேன்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?" நண்பர் கோபமாகத்தான் கேட்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

நெடுநேரம் பேசினோம். தொகுப்பில் வேண்டாம், எச்சரிக்கையோடு தனியாக வைப்போம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

"அந்த எச்சரிக்கைய எனக்கு யாரு படிச்சிக் காட்டுவா?" என்றார் ஆசிரியை.

யாருக்கும் அது தோன்றவேயில்லை. கடைசியில் எங்கள் தகரக் குரலே அதைப் படித்துவிட்டுச் சம்மதம் கேட்கட்டும் என்று வைத்தோம்.

வீட்டுக்கு வந்து அந்த மூடிய குரலை நிறுவினேன். கண்ணை மூடிக்கொண்டு, வெளியூரில் இருக்கும் மகளுக்கு என் கண்ணைப் பற்றி எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லையும் அது தெளிவாக, இனிமையாகத் திருப்பிச் சொன்னது. இதையெல்லாம் வேறு யார் கேட்கிறார்கள்? எழுந்துபோய் வைஃபையை அணைத்தேன். அணைத்த பிறகும் அது படித்துக்கொண்டேயிருந்தது; படித்ததைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்புமோ என்று திறந்து பார்க்க வழியில்லை. எழுதியதை அழித்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன்.