பல் மருத்துவக் கல்லூரி வாசலில் மூன்று தடவை

1. எட்டுக் கதவுகள்

மணி அடித்ததும் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு நிமிடம் கிடைக்கும். கதவில் ஒட்டியிருக்கும் தாளை அதற்குள் வாசித்துவிட வேண்டும். லண்டனில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் தாழ்வாரத்தில் முதன்முதலாக அப்படி நின்றபோது எனக்கு முப்பது வயது. இரண்டு பக்கமும் நின்றவர்களுக்குப் பதினெட்டு. அவர்களில் ஒருத்தி என்னைக் கல்லூரி ஊழியர் என்று நினைத்து, கழிவறை எங்கே என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தெரியவேண்டும் என்றேன்.

அப்போது நான் தெற்கு லண்டன் டூட்டிங்கில் ஒரு பல் கிளினிக்கில் ஒன்பது வருடமாக நர்ஸ். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே பள்ளிக்கூடமும் உயிரியலில் டிகிரியும் முடித்து, வேறு வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்த இடம் அது. டொக்டர் பல்லைக் கடைந்துகொண்டிருக்கும்போது எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி, இதை நானும் செய்ய ஏலும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஒரு நாள் விண்ணப்பத்தை நிரப்பினேன்.

இந்த நேர்முகத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பதில்லை. எட்டு அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு ஸ்டேஷன். அறைக்கு ஆறு நிமிடம். ஏன் பல் மருத்துவம் என்று ஓர் அறையில் கேட்பார்கள். இன்னொன்றில் மெல்லிய கம்பியைத் தந்து, படத்தில் இருப்பதுபோல வளைக்கச் சொல்வார்கள். சக டொக்டர் மது வாசத்தோடு வேலைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்வி ஓர் அறையில் இருக்கும். ஓர் அறையில் நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். ஒரு ஸ்டேஷனில் சொதப்பினால் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது. உங்கள் முகம் காட்டிக்கொடுத்தால் தவிர.

கம்பியை நான் மூன்று நிமிடத்தில் வளைத்துவிட்டேன். நடிகர் இருந்த அறையில்தான் விழுந்தேன். மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது முன்பல் உடைந்துபோன தாயாக ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். தற்காலிகமாக ஒரு கிரவுன், அதாவது பல்லுறை, வைக்கலாம், நிறம் இப்படிப் பார்க்கலாம், அரை மணித்தியால வேலை என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் அழுகையை நிறுத்தவில்லை. நான் இன்னும் கொஞ்சம் விளக்கினேன். மணி அடித்தது.

இடம் இல்லை என்று கடிதம் வந்தது. கேட்டபடியால் புள்ளிகளையும் அனுப்பியிருந்தார்கள். ஆகக் குறைந்த புள்ளி அந்த அறைக்குத்தான். ஒன்பது வருடம் நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்தவளுக்கு இது பெரிய அவமானம். யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. கிளினிக்கில் என் கை ஆறுதல் சொல்லும். டிஷ்யூ நீட்டும், தோளைத் தொடும். வாய் டொக்டருடையது. என் வாய்க்கு அந்தப் பழக்கமே இல்லை.

2. பாடமாக்கிய பதில்

அடுத்த வருடம் ஹவுன்ஸ்லோவில் சனிக்கிழமை தோறும் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். என் கணவர் சுதனுக்கு விமான நிலையத்தில் வேலை. அவர் ஷிப்டுக்குப் போகும்போது என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் ஒரு சட்டகம் தந்தார்கள். முதலில் சூழ்நிலை, பிறகு செய்தது, பிறகு கற்றது. நான் நாற்பது பதில்களைப் பாடமாக்கினேன். நாங்கள் இருந்த மிச்சம் என்ற ஊரிலிருந்து டூட்டிங் போகும் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்ததுண்டு.

இரண்டாம் தடவை அழுகிற நடிகர் அறை நன்றாகவே போனது. அதற்கடுத்த அறையில் நரைத்த தலைமுடியை ஒட்டக் கத்தரித்த ஒரு பெண் பேராசிரியர் இருந்தார். வேலையில் நீங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்லுங்கள் என்றார். அதற்கும் ஒரு பதில் பாடமாக இருந்தது. எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், மற்றவர்களிடம் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன், இப்படி.

அவர் பேனையை மேசையில் வைத்தார். அதனால் யார் பாதிக்கப்பட்டார் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பாதிக்கப்பட ஒருவரும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் இருந்த நாலு நிமிடமும் நான் ஏதோ பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

அந்த வருடமும் இடம் இல்லை.

எங்கள் கிளினிக்கின் சொந்தக்காரர் டொக்டர் மாணிக்கம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவர். கைராசிக்காரர், கோபக்காரர், மனிதாபிமானி, மூன்றும் உண்மை. கடிதம் வந்த கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"தர்சினி, ரெண்டு தடவ போயாச்சு. போதும் லா. நம்ம மேனேஜர் ரஞ்சனி ரிட்டயர் ஆகப் போறாங்க. நீங்க மேனேஜரா வாங்க. இந்த எடமே உங்க கையில இருக்கும்."

நல்ல வேலை. நல்ல மனதோடுதான் தந்தார். யோசித்துச் சொல்ல ஒரு மாதம் தரும்படி கேட்டேன். அன்றிரவு சுதனிடம் சொன்னேன். "மேனேஜர் வேலை அடுத்த வருசமும் இருக்கும். உனக்கு முப்பத்தொரு வயசு அடுத்த வருசம் இருக்காது" என்றார்.

3. பிழையான படம்

அந்த ஒரு மாதத்துக்குள் நடந்தது இது. நோயாளியை யார் என்று கண்டுபிடிக்க ஏலாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே குடும்பப் பெயரோடு இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். இரண்டாவதாக வந்தவர் எழுபது கடந்த ஒருவர். கீழ் வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் எடுக்க வேண்டும். நான் திரையில் முதலாமவரின் எக்ஸ்ரேயைத் திறந்து வைத்துவிட்டேன். அதில் பழுதாக இருந்தது இடப்பக்கப் பல். டொக்டர் மாணிக்கம் திரையைப் பார்த்தார். இந்தப் பக்கம்தானே என்று நோயாளியிடம் கேட்டார். அவர் எதைக் கேட்டாலும் ஓம் ஓம் என்று சொல்லுகிறவர். விறைப்பு ஊசி இடப்பக்கம் போட்டாயிற்று.

விறைக்கும்வரை காத்திருந்த நேரத்தில் நான் தட்டில் பல் பிடுங்கும் குறடுகளை அடுக்கினேன். நிமிர்ந்தபோது திரையில் பெயரின் முதலெழுத்து கண்ணில் பட்டது. 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'கே'.

அந்தக் கணத்தில் எனக்கு முதலில் நோயாளி நினைவு வரவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும். முதலில் வந்தது என் விண்ணப்பம். இலையுதிர் காலத்தில் என்னைப் பற்றிக் கல்லூரிக்கு ரெஃபரன்ஸ் எழுதப் போகிறவர் இந்த டொக்டர். நோயாளியின் முன்னால் அவருக்குப் பிழை சொன்னால் என்னவாகும் என்று நினைத்தேன். அவர் குறட்டைக் கையில் எடுத்தார்.

"டொக்டர், நில்லுங்கோ. படம் பிழை. நான்தான் மாறித் திறந்திட்டன்."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குறட்டைத் தட்டில் வைத்தார். ஒரு நிமிடம் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு என்னை வெளியே வரச் சொன்னார். முப்பது வருட வேலையில் ஒரு நாளும் பிழையான பல்லைத் தொட்டதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பல் எடுக்கவில்லையே, ஊசி மட்டும்தானே, அது இரண்டு மணி நேரத்தில் போய்விடும், ரெண்டு பக்கமும் விறைக்க வைக்கிறோம் என்று சொல்லி வேலையை முடித்துவிடலாம் என்றார்.

நோகாத வழி. எனக்கும் வசதியான வழி. பிழை விட்டவள் நான்தானே.

"அவருக்குச் சொல்லவேணும் டொக்டர்."

"சொன்னா பயந்துருவாரு."

"நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன். பிழை என்ர."

அவர் கையுறைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறகு உள்ளே போனார். கதிரையை இழுத்து நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நடந்ததை ஒன்றும் விடாமல் அவரே சொன்னார். மன்னிப்பும் கேட்டார். படத்தை மாற்றியது நான் என்று நானும் சொன்னேன்.

பெரியவர் விறைத்த வாயால் மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சாப்பிட இருக்கிறதே இந்தப் பக்கம்தான், பிள்ளை. இதையும் பிடுங்கியிருந்தா நான் கஞ்சிதான் குடிக்கவேணும்."

அவர் கோபப்படவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று எழும்பிப் போனார். திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த கிழமை வந்தார். நடந்ததைப் பதிவேட்டில் எழுதினோம். குறடு எடுக்கும் முன் பெயர், பிறந்த திகதி, எந்தப் பல் என்று மூன்றையும் நர்ஸ் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று டொக்டர் ஒரு விதி போட்டார். என்னோடு இரண்டு கிழமை தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மேனேஜர் வேலையைப் பற்றியும் பிறகு பேச்சில்லை. நான் மூன்றாம் விண்ணப்பத்தை நிரப்பினேன். ரெஃபரன்ஸ் வேண்டும் என்று அவர் மேசையில் ஒரு குறிப்பு வைத்தேன். அனுப்பியாச்சு என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

4. மூன்றாம் தடவை

வேறொரு கல்லூரி, அதே மாதிரி மணி. நடிகர் அறையில் இந்தத் தடவை ஒரு கோபக்கார மனிதர். அவருடைய அப்பொயின்மென்டை மூன்று தரம் ரத்துச் செய்திருக்கிறார்களாம். அவர் கத்தி முடியும்வரை நான் பேசவில்லை. முடிந்ததும், இந்த வலியோடு எப்படி வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் குரல் இறங்கியது. நடிப்புத்தான், தெரியும். இருந்தாலும் எனக்கும் மூச்சு சீரானது.

ஆறாவது கதவில் இருந்த தாளில், உங்களால் வேலையில் பிழையாகிப் போன ஒன்றைச் சொல்லத் தயாராகுங்கள் என்று இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு இரண்டு கதைகள் கைவசம் இருந்தன. ஒன்று பாதுகாப்பானது. மற்றது அந்தச் செவ்வாய்க்கிழமை. பல் மருத்துவராக விரும்புகிற ஒருத்தி, நான் ஒரு நோயாளிக்குப் பிழையான பக்கம் ஊசி போடக் காரணமானேன் என்று பல் மருத்துவர்களிடம் சொல்வதா என்று மனம் கேட்டது. மணி அடித்தது.

உள்ளே இரண்டு பேர். பெயர்கள் இல்லாமல், கிளினிக் எது என்று சொல்லாமல், நடந்தபடி சொன்னேன். என் விண்ணப்பத்தைப் பற்றி முதலில் யோசித்ததையும் சொன்னேன். அவர்கள் விடவில்லை. நோயாளிக்குக் கெடுதல் நடக்கவில்லையே, ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அது அவருடைய வாய், காரணம் தெரியாமல் விறைத்த வாயோடு அவரை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு உரிமை இல்லை என்றேன். அந்த டொக்டரைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று மற்றவர் கேட்டார். அவர் பயந்தார், நானும் பயந்தேன், கடைசியில் உள்ளே போய்ச் சொன்னவர் அவர்தான் என்றேன். அவர் மறுத்திருந்தால் என்ற கேள்விக்கு, நானே சொல்லியிருப்பேன், அதற்குப் பிறகு அங்கே எனக்கு வேலை இருந்திருக்குமோ தெரியாது என்றேன்.

இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. தெரியக்கூடாது என்றுதான் அவர்களுக்குப் பயிற்சி. வெளியே வந்து சுதனுக்குப் போன் எடுத்து, போச்சு என்றேன். "சொன்னது உண்மைதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப வா, சாப்பிடுவம்" என்றார்.

இடம் கிடைத்த செய்தி வந்தது ஒரு வேலை நாளில், மதிய இடைவேளையில். டொக்டர் மாணிக்கத்திடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார். மேசை லாச்சியைத் திறந்து தான் அனுப்பிய ரெஃபரன்ஸின் பிரதியை எடுத்துத் தந்தார். கொஞ்சம் உத்தியோகபூர்வமான ஆங்கிலம். என் நேரம் தவறாமை, கைத்திறன் எல்லாம் இருந்தது. கடைசிப் பந்தியில் இப்படி: இவர் ஒரு நோயாளியின் முன்னால் என்னைத் தடுத்து நிறுத்தினார். நோயாளிக்கு உண்மையைச் சொல்ல நான் தயங்கியபோது என்னைத் திருத்தினார். நான் சந்தோசமாகத் திருந்தவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுட்டு இங்கதான வருவீங்க?" என்றார்.

5. மேசையின் மறுபக்கம்

ஐந்து வருடம் படித்தேன். வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்றார்கள், தமிழ் தெரியாத பிள்ளைகள் உட்பட. இப்போது டூட்டிங்கில் அதே கிளினிக்கில் நான் டொக்டர். வருடத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் நேர்முக அறைக்குள் புள்ளி போட உட்காருகிறேன். சில கல்லூரிகள் இதைக் கணினித் திரையிலேயே நடத்துகின்றன. கேள்விகளின் தன்மை பெரிதாக மாறவில்லை.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கல்லூரிக்குக் கல்லூரி முறை வேறுபடும், அவர்கள் அனுப்புவதை வாசியுங்கள். கம்பியோ களிமண்ணோ, கைவேலை ஒன்றைப் பழகுங்கள். அழுகிறவருக்கு முன்னால் வைத்தியத்தைத் தொடங்காதீர்கள். பாடமாக்கிய பதில் இரண்டாவது கேள்வியில் முடிந்துவிடும். எங்களிடம் எப்போதும் மூன்றாவது கேள்வி இருக்கும்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகக்கூடியவை. ஒன்றை மட்டும் நேர்முகத்துக்கு முந்தின கிழமை தயார்செய்ய ஏலாது. அது அதற்கு முன்பே உங்கள் வாழ்க்கையில் நடந்திருக்க வேண்டும். நீங்கள் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு கடையில் நிற்கலாம், முதியோர் இல்லத்தில் உதவிக்குப் போகலாம், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கலாம். அங்கே ஒரு நாள் உங்களால் ஏதாவது பிழையாகும். உங்களுக்கு மேலே உள்ளவர் அதை மூடிவிடலாம் என்பார். அறை அமைதியாக இருக்கும்.

அப்போது வாயைத் திறவுங்கள்.