புது டிஸ்க்கும் எழுதாத ஒரு வரியும்

41,612. இந்த எண்ணை மறக்க வேண்டாம். திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள கரும்பு விவசாயிகளின் பழைய பதிவேடுகளில் இருந்து, புஷ்பலதாவின் பொறுப்பில் ஸ்கேன் செய்து சேர்த்த பக்கங்கள் அத்தனை. அதில் ஒரு பக்கம் அவள் நைனா, அதாவது அப்பா, வேணுவுடையது.

ஆண்டு 2009. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் சடகோபன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். அங்கே அவளைச் சேர்த்துவிட்டது அக்காள் புருஷன் பிரகாஷ். சர்வருக்குப் பொறுப்பு அவன், பாஸ்வேர்டும் அவனிடம். ஆனால் தினமும் சாயங்காலம் அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய் லினக்ஸ் படித்தவள் புஷ்பலதா. சிக்கல் வந்தால் பிரகாஷ் எழுந்துகொள்வான், அவள் உட்காருவாள். சரியானதும் அவள் எழுந்துகொள்வாள், அவன் உட்காருவான். சடகோபன் வந்து பார்க்கும்போது நாற்காலியில் இருப்பது எப்போதும் அவன்தான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிறங்கிய மறுநாள் சர்வரில் இடம் தீர்ந்தது. பக்கங்கள் இருந்தது ஒரு விர்ச்சுவல் மெஷினில். ஒரே வீட்டில் தடுப்புப் போட்டு இன்னொரு குடித்தனம் வைப்பதைப் போல, நிஜக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் மென்பொருள் உண்டாக்கிய இன்னொரு கம்ப்யூட்டர் அது. பிரகாஷ் அதற்குப் புதிதாக ஒரு டிஸ்க்கை ஒதுக்கினான். இடம் கூடவில்லை.

“குடுத்தாச்சு. அப்பவும் இடம் இல்லன்னு கத்திகினு கீது.”

“குடுத்தா ஆச்சா பாவா? வந்துச்சான்னு அது பாக்க வேணாமா? தள்ளுங்க.”

புது டிஸ்க்கைத் தேடச் சொல்லி அவள் கட்டளை கொடுத்தாள். பட்டியலில் ‘எஸ்டிபி’ என்று ஒரு பெயர் வந்தது. வெறும் டிஸ்க். அதைப் பிரித்து, ஃபார்மேட் செய்து, ‘பதிவு’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதில் டிஸ்க்கை மாட்டினாள். மாட்டாத டிஸ்க் வாசல் வைக்காத அறை, உள்ளே எவ்வளவு இடமிருந்தாலும் யாரும் போக முடியாது. பழைய பக்கங்களையும் புது இடத்துக்கு மாற்றி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

“பாவா, இப்ப கையாலதான் மாட்டிக்கிறேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கழண்டுடும். எஃப்எஸ்டேப்னு ஒரு ஃபைல் கீது, அதுல ஒரு வரி எழுதிடணும்.”

“ஆங், அத நான் எழுதிக்கிறேன். எல்லாத்தையும் நீயே பண்ணிட்டா, அப்பறம் நான் எதுக்கு, டீ வாங்கியாறதுக்கா?”

பக்கத்து மேசைக் கமலா சிரித்தாள். அந்த வரிசையில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு வாரம் கழித்து அவள் மறுபடி கேட்டாள். எழுதிவிட்டதாகச் சொன்னான்.

யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் இருந்ததால் சர்வர் நிற்கவே இல்லை. ஆயுத பூஜைக்குத்தான் நின்றது. சடகோபனின் அப்பா அரிசி மில் நடத்தியவர், அன்றைக்கு மெஷினின் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுவார். அதே சட்டம் சர்வருக்கும். அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, ஒருநாள் முழுக்க யாரும் தொடவில்லை.

விஜயதசமிக் காலையில் போட்டார்கள். ‘பதிவு’ ஃபோல்டரில் இருந்த பக்கங்கள்: பூஜ்யம்.

புஷ்பலதாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பிரகாஷைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான்.

“சார், டிஸ்க்கு மாட்டல, அவ்ளோதான். பக்கம் எங்கியும் போவல. ஒரு நிமிஷம் வழி விடுங்க.”

“சார்,” என்றான் பிரகாஷ். “புது டிஸ்க்குல கை வெச்சது இவதான். ஃபார்மேட் பண்ணதும் இவதான்.”

அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டதில்தான் துரோகம் இருந்தது.

“நீ எதையும் தொடாத,” என்றார் சடகோபன். “ஊட்டுக்குப் போ. பக்கம் வரலன்னா உங்க நைனாவாண்ட பேசிக்கிறேன்.”

“கமலா, வரி எழுதணும்னு அன்னிக்கே நான் சொல்லல?”

கமலா மானிட்டரில் காய்ந்திருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

புஷ்பலதா திருவாலங்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் பிரகாஷ் டிஸ்க்கை மாட்டிவிட்டான். 41,612 பக்கங்களும் வந்தன. போன டேட்டாவை மீட்டவன் என்று சடகோபன் அவனுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். ராத்திரி அக்காள் போன் செய்தாள்.

“உங்க பாவா மானம் போச்சுன்னா என் மானம் இல்லியா? நீ வேற வேல பாத்துக்கலாம் புஷ்பா. நான் வேற புருஷன் பாத்துக்க முடியுமா?”

மறுநாள் அவள் சென்டருக்குப் போனாள். வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. எஃப்எஸ்டேப் ஃபைலைக் கடைசியாக மாற்றிய தேதியைத் திரையில் காட்டச் சொன்னாள். பிரகாஷ் அசையவில்லை. சடகோபனே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லத் தட்டினார்.

“படிங்க சார்.”

“நேத்து. காலைல பதினொன்னு அம்பத்திரண்டு.”

“பிரகாஷ் சார் ஆடியிலியே எழுதிட்டேன்னு சொன்னாரு.”

சடகோபன் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“இது உங்க ஊட்டு சண்டமா. இங்க கொண்டாராத.”

“நைனாவாண்ட பேசிக்கிறேன்னு சொன்னப்ப ஊட்டு சண்டையா தெரியலியா சார்?”

அவள் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் அவள் சொன்னதைக் காதால் கேட்டுச் சிரித்தவர்கள் நான்கு பேர். அவள் கிளம்பிய அன்றும் நான்கு பேரும் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்தவர்கள்:

0.