பின்னால் நகரும் வரிசை

ஜெர்மனியில் என் கால் மண்ணைத் தொடாமலே ஒரு நாள் முடிந்துவிடுகிறது. பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்புக்கு முன்னால் இருக்கும் புல்தரையில் வெறுங்காலோடு உலாவினேன். மாடி வீட்டு இங்கிரிட் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏதாவது தொலைந்துவிட்டதா?" என்று கேட்டார். "இல்லை, சுகமாக இருக்கிறது" என்றேன். மறுநாள் காலை என் வாசலில் அவருடைய பழைய பூட்ஸ் ஒரு ஜோடி, துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அளவும் சரியாக இருந்ததால் அதையே போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

அங்கே என் பிழைப்பே கால்தான். சுண்டெலிகளைக் கம்பி ஏணியில் நடக்கவிட்டுப் படம் பிடிக்கிறோம். பாதம் கம்பியைத் தொட்டதும் சேதி முதுகுத்தண்டுக்குப் போகிறது; மூளைக்கு எட்டும் முன்பே கால் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. எந்த நரம்புச் சுற்று எப்போது பேசுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஓர் எலி தடுமாறிச் சமாளிக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

இந்த ஆடியில் கொல்லிமலைக்கு, அரியூர் நாடு என்னும் ஊர்த் தொகுப்பில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது நடவு நடந்துகொண்டிருந்தது. வந்த நாள் முதல் என்னை நாற்காலியில் உட்காரவைத்து உபசரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை. நான் விருந்தாளி ஆகிவிட்டேனா? கடைசி நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் வயலில் இறங்கினேன்.

"நீ எதுக்கு கண்ணு சேத்துல? வரப்புல நின்னு போட்டோ புடி, போதும்" என்றார் அண்ணி.

"நானும் நடறேனுங்க அண்ணி."

நடவு வரிசை பின்னால் நகரும். கண் நாற்றின் மேல் இருக்கும். பின்னே மேடா பள்ளமா என்று உள்ளங்கால்தான் சொல்ல வேண்டும். ஆய்வகப் புத்தி சும்மா இருக்குமா? இப்போது எந்த நரம்பு பேசுகிறது என்று யோசித்தேன். குதிகால் புதைந்து, பொத்தென்று சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"எலிக்கு நடை பழக்குறவளாமுங்க இவ!" என்று பக்கத்து வயல்காரரான பாப்பாத்தி அக்கா கத்த, வரிசையே குலுங்கிச் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அக்கா தன் சம்பந்தி வீட்டு வம்பை எடுத்துவிட்டார். அதைக் கேட்கிற சுவாரசியத்தில் காலை மறந்தேன். கால் தானாகப் பின்னால் போனது. வயல் முடிந்து நிமிர்ந்தபோது, எது என் நாற்று என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

"நாளைக்கு எங்க வயலு. வெள்ளன வந்துரு சாமி" என்றார் பாப்பாத்தி அக்கா, வாய்க்காலில் கை கழுவிக்கொண்டே. விருந்தாளியை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். நான் கிளம்புவது அவருக்குத் தெரியாது.

"வாரேனுங்கக்கா" என்று வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை, விமானம் பிடிக்கப் போகும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாப்பாத்தி அக்கா வயலில் வரிசை இறங்கியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நட்டுக்கொண்டிருந்தார்கள்.