முன்பக்கம் கழுவாத எஞ்சின்

விழுப்புரத்தில் வண்டியை ஒப்படைத்துவிட்டு இறங்கிய பிறகுதான் கைபேசியை ஆன் செய்தேன். எஞ்சினுக்குள் அதை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. கலியமூர்த்தி அண்ணனின் மகள் பலமுறை அழைத்திருந்தாள். திரும்பக் கூப்பிட்டதும், "அப்பா போயிட்டாரு சித்தப்பா, ஜல்தியா வாங்க" என்றாள். அடுத்த வண்டியிலேயே திண்டிவனம் கிளம்பினேன்.

அண்ணனோடு வண்டி ஓட்டியவர்களுக்கு அவருடைய கோபம் தெரியும். சிக்னலைச் சத்தமாகச் சொல்லாமல் தலையை ஆட்டினால் போதும், "ஊமையா நீ? வாயைத் தொறந்து சொல்லுய்யா" என்று கத்துவார். அவருக்கு அசிஸ்டென்ட்டாக இருந்த காலத்தில் அந்தத் திட்டை நான் நிறையவே வாங்கியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு திண்டிவனம் வீட்டில் அவர் செய்துகொண்டிருந்த வேலை, அவரோடு ரயில்வேயில் இருந்த உங்களில் பலருக்குச் சிரிப்பாக இருந்தது. கடையில் வாங்கிய சின்ன ரயில் எஞ்சின்களை நிஜ எஞ்சின் போல அழுக்காக்குவார். "காசு கொடுத்து வாங்கி எதுக்குண்ணே நாஸ்தி பண்றீங்க?" என்று நானும் கேலி செய்தவன்தான்.

"ஓடுற வண்டி எதுய்யா பளபளன்னு இருக்குது? மொதல்ல அந்தப் பளபளப்பைச் சாகடிக்கணும்" என்பார். பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்திருந்த கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பியை வளைத்துப் பொருத்துவார். கூரையில் கரித்தூள், சக்கரங்களின் மேல் துருப்பொடி, பக்கவாட்டில் துணியில் சலித்த கோலியனூர் மண். எல்லாவற்றுக்கும் மேலே பளபளக்காத வார்னிஷ் ஒரு பூச்சு. கண்ணருகே வைத்துப் பார்த்தால் ஹாரன் அடித்துவிடுமோ என்றிருக்கும்.

சென்னையில் மாடல் ரயில்காரர்கள் கூடிய இடத்துக்கு ஒருமுறை அவரோடு போயிருந்தேன். இளைஞர் ஒருவர் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் பிரமாதம் சார். முன்பக்கம் மட்டும் புதுசா இருக்கே? தூசி, பூச்சி எல்லாம் அங்கதானே அதிகமா ஒட்டும்?" என்றார். நியாயமான கேள்வி. அண்ணன், "கழுவிட்டாங்க தம்பி" என்றதோடு சரி. எஞ்சினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். நான் அந்த இளைஞரிடம் வேறு பேச்சை எடுத்தேன்.

ஏனென்றால் நிஜ வண்டி அப்படிக் கழுவப்பட்டபோது நானும் பக்கத்தில் நின்றவன். திண்டிவனம் தாண்டி, ஒரு பிற்பகல். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா தண்டவாளத்தைக் கடந்தார். அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவசர பிரேக்கும் போட்டாயிற்று. அவ்வளவு பெரிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. கட்டு காதை மறைத்திருக்க வேண்டும். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தகவல் சொல்லிவிட்டு, விழுப்புரம்வரை அதே வண்டியை அண்ணன்தான் ஓட்டிவந்தார். அங்கே குழாயைப் பிடித்து முன்பக்கத்தை மட்டும் கழுவினார்கள். மற்ற அழுக்கெல்லாம் அப்படியே இருந்தது. விசாரணையில் அவர்மேல் தவறில்லை என்றார்கள். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

வீட்டு அலமாரியில் நின்ற அத்தனை எஞ்சின்களுக்கும் முன்பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது. அண்ணி ஒருநாள் என்னிடம் பொருமித் தீர்த்தார். "இவரு அழுக்கு பண்றாருன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இவரு கழுவிக்கினுதான் கெடக்கறாரு. தூக்கம் போச்சு, சோறு போச்சு. ஒரு வண்டிக்காவது முன்னாடி தூசி போட்டுட்டாருன்னா மனுசன் பொழைச்சிக்குவாரு." அண்ணன் முயலாமல் இல்லை. தூரிகை அங்கே போகும்போது கை நின்றுவிடும்.

போன மாதம் மருத்துவர்கள் கைவிரித்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது தலையணையில் சாய்ந்திருந்தார். அரைகுறையாக நின்ற எஞ்சின் ஒன்றை என் கையில் கொடுத்து, "முன்னாடி நீ போடுய்யா. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். எனக்கு அந்த வேலை தெரியாது. மண்ணைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். "கண்ணாடிக்குக் கீழ இன்னும் கொஞ்சம். பூச்சி அடிச்ச மாதிரி வையி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடித்துக் காட்டியதும் வெகுநேரம் பார்த்தார்.

"இது அதுக்கு முந்தின நாள் வண்டிய்யா" என்றார். "இன்னும் யாரும் குறுக்க வரல."

அன்று கொஞ்சம் கஞ்சி குடித்தார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

அந்த எஞ்சினை அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். என் கைவேலை படுமோசம். ஒரு பக்கம் மண் திட்டாக நிற்கிறது. அண்ணன் நல்ல உடம்போடு இருந்தால் அதற்கும் திட்டியிருப்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த எஞ்சின்தான். அதை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.