பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

கடத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா, ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் என்று ஆன்லைனில் போட வேண்டியதை எல்லாம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வாரத்துக்கு நாலு பேராவது வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "டிகிரி எல்லாம் இல்லீங்க. வெளிநாடு போறதுக்கு நேர்வழி எதுனா இருக்குதுங்களா?"

இருக்கிறது என்பேன். வெல்டிங், பிளம்பிங் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள், கனரக வண்டி ஓட்டுபவர்கள், நன்றாகச் சமைப்பவர்கள், இவர்களிடம் எல்லாம் டிகிரியை யாரும் கேட்பதில்லை. வேலை விசா வேண்டும், அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் வேண்டும், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று எவனாவது சொன்னால் அவன் நம்பரை போனிலிருந்து அழித்துவிடுங்கள் என்பேன். மூச்சு விடாமல் சொல்வேன். எல்லாம் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. அந்த மிதப்பில்தான் என் தம்பியை அனுப்பி வைத்தேன்.

தம்பி பத்தாவதில் கணக்கில் பெயில். மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிட்டான். அதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஜேசிபி கிளீனராகச் சேர்ந்து, ஓட்டப் பழகி, இருபத்தெட்டு வயதில் கம்பைநல்லூர் வரைக்கும் பெயர் சொல்லும் ஆபரேட்டர் ஆகியிருந்தான். பள்ளம் தோண்டும்போது நடுவில் தண்ணீர்க் குழாய் ஓடினால், குழாயில் ஒரு கீறல் விழாமல் சுற்றியுள்ள மண்ணை மட்டும் அள்ளி எடுத்துவிடுவான். அந்த லீவரை அவன் பிடிக்கும் விதத்தைப் பார்க்கவே சிலர் வேலை நடக்கும் இடத்தில் நிற்பார்கள். இங்கே வருடத்தில் பாதி நாள் வண்டி சும்மா நின்றதால் வளைகுடாவுக்குப் போகலாம் என்று யோசித்தான். சேலத்தில் பதிவு பெற்ற ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தோம். நான்தான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், அப்பா அம்மா பெயர் இருக்கும் கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும். வளைகுடா போன்ற சில நாடுகளுக்கு இவர் வேலைக்குப் போவதென்றால் முதலில் அரசாங்கம் சோதித்து அனுமதி தர வேண்டும் என்று அர்த்தம். ஈ.சி.ஆர். என்பார்கள். தேறியவர்களுக்கு அந்த இடம் காலியாக இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த வரிக்கு வேறு பெயர்: பெயில் முத்திரை.

அந்தச் சமயத்தில் மொரப்பூர் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். வெளிநாடு போகிற மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டு பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நம்மூர் ஆட்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடிக்காவிட்டால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அம்மா இலை போட்டுவிட்டு நிற்கிறாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னொரு வூட்டுக்குப் போவணுங்க, நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார்.

தம்பி பாஸ்போர்ட்டை எடுத்து உள்ளே வைத்தான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. மறு வாரமே அவனைத் தனித்தேர்வராகக் கணக்குப் பரீட்சைக்கு எழுதிப் போட்டேன்.

"வேணாம்க்கா. சேலத்து ஏஜென்ட்டே இந்த பாஸ்போர்ட் போதும்னுதான் சொல்றாரு. கவர்மென்ட்டு கிளியரன்ஸ் வாங்க ஒரு மாசம் ஆவுமாம், அவ்ளோதான்" என்றான்.

"பெயில்னு போட்ட பாஸ்போர்ட்ட வெச்சிக்கிட்டு ஏர்போர்ட்டுல நிப்பியாடா? எவனாவது கேட்டா என்னா சொல்லுவ?" என்று கத்தினேன்.

வேலை முடிந்து வந்து, டீசல் நாற்றத்தோடு, நாலு மாதம் வட்டமும் முக்கோணமும் வரைந்தான். முப்பத்தெட்டு மார்க் வாங்கினான். ரிசல்ட்டை நான்தான் என் சென்டரில் பிரின்ட் எடுத்தேன். கடைக்கு வந்த எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கு மறுபடியும் எழுதிப் போட்டு, கடைசிப் பக்கம் காலியாக வந்தபோது அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். பெண்ணின் அப்பா திரும்ப வந்தார். இந்த முறை இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

சேலத்து ஏஜென்ட்டை விட்டுவிட்டோம். இப்போதுதான் கிளியரன்ஸ் தேவையில்லையே, எதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்? தம்பியோடு முன்பு ஜேசிபி ஓட்டி வளைகுடாவுக்குப் போனவன் அங்கிருந்து ஒரு கம்பெனியின் விசாவை அனுப்பி வைத்தான். வேலை விசாதான். போலி இல்லை, நானே சரிபார்த்தேன். ஒப்பந்தத்தில் ஆபரேட்டர் என்றுதான் இருந்தது. நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேர்வழியில், ஏஜென்ட் ஒருவர் இல்லாததைத் தவிர, ஒரு அடி கூட விலகாமல் அவன் விமானம் ஏறினான்.

அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் லேபர் என்று இருந்தது. ஜேசிபி எங்கே என்று கேட்டதற்கு, வரும் என்றார்கள். கட்டடக் கம்பி வளைக்கும் யார்டில் நிறுத்தினார்கள். போனில் எங்களிடம் "வண்டி ஓட்டுறேன்க்கா, நல்லாருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஏழாவது மாதம் கம்பி வளைக்கும் மெஷினில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் இல்லை. மிச்சமிருந்த கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நசுங்கி, உணர்ச்சி இல்லாமல் போய்விட்டன. தையல் போட்டு, டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மொரப்பூர் ஸ்டேஷனில் அவன் ரயிலை விட்டு இறங்கியபோது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். விபத்தை அவன் போனில் சொல்லியிருக்கவில்லை; வியர்வை துடைக்கச் சுற்றியிருக்கிறான் என்று நினைத்தேன்.

நஷ்டஈடு கேட்கலாம் என்று வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கான அலுவலகத்துக்கு போன் போட்டேன். பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டுங்களாம்மா?"

"இல்லீங்க சார். பத்தாவது பாஸ்" என்றேன். பழக்கத்தில், கொஞ்சம் பெருமையாகவே வந்தது.

அவர், "ஈ.சி.ஆரா இருந்தா கம்பெனி யாரு, என்னா வேலை, எவ்ளோ சம்பளம்னு நாங்க பார்த்துத்தாம்மா அனுப்புவோம். ஒப்பந்தம் எங்ககிட்ட இருக்கும், இன்சூரன்ஸ் கட்டாயம் இருக்கும். இவரு எங்க கணக்குலயே வரலியே. தூதரகத்துக்கு எழுதிப் பாருங்க" என்றார்.

எழுதினோம். விசாரித்ததில் அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சோதனை என்று அச்சடித்திருந்தால் அது நம்மைச் சோதிப்பதற்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும் சோதிக்கப்பட்டே பழகிய ஜனம். எங்களுக்கு வேலை கொடுப்பவனை ஒருத்தர் சோதிப்பார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. தம்பியைப் பெயில் என்று சொன்ன அந்த ஒரு வரிதான் அவனுக்குத் துணையாக வந்திருக்கும். அதை நானே மெனக்கெட்டு அழித்தேன். அதற்கு மைசூர்பாகும் கொடுத்தேன். இதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தம்பியின் மாமனார் வந்து பார்த்தார். கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். சாப்பிடச் சொன்னோம். "வயிறு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பியின் மனைவி அவர் பின்னால் போகவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து ஸ்பூனைப் போட்டு இவனிடம் கொடுத்தாள்.

போன மாதம் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவனை என் சென்டருக்கு வரச் சொன்னேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாக டைப் செய்தேன். பெயர், ஊர், வயது. அடுத்தது கல்வித்தகுதி. என் விரல் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது. தம்பி திரையைப் பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், "பெயிலுன்னே போடுக்கா" என்றான்.

என்னால் அப்படிப் போட முடியவில்லை. பத்தாம் வகுப்பு தேர்ச்சி என்று அடித்தேன். கண்ணீர் மறைத்ததால் இரண்டு முறை தப்பாக அடித்து அழித்து மறுபடி அடித்தேன். பிறகு கைரேகை மெஷினை அவன் பக்கம் நகர்த்தினேன். வலது கட்டை விரலை வைத்தான். ரேகை எடுக்கவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் சிவப்பு. இடது கையை நீட்டினான். வேகமாக வைத்தால் எடுக்காது என்று, குழாய்க்குப் பக்கத்தில் மண் அள்ளும்போது லீவரை எப்படி மெல்ல இறக்குவானோ, அப்படி அந்தக் கையின் கட்டை விரலை மெல்ல இறக்கி வைத்தான்.